பதினோரடிக்குப் பன்னிரண்டடி

கலமசூ,
செப்டம்பர் 7, 1986

அன்புள்ள ரெய்னோ அண்ணாவுக்கு,

இர்யா எழுதுவது. பதினாறு மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போனதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் முதுகுவலி தேவலையா? அம்மா வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா?

விடுதி அறை பதினோரடிக்குப் பன்னிரண்டடி. அதில் இரண்டு பேர். ஆளுக்கொரு கட்டில், மேஜை, அலமாரி. பொதுவில் ஒரு ஜன்னல். என்னோடு இருப்பவள் பெயர் மார்வா டில்லார்ட். ஃபிளின்ட் ஊர்க்காரி, நர்ஸ் படிப்பு படிக்கிறாள். உள்ளே வந்ததும் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது ரூமா, இல்ல சூட்கேஸா?" என்றாள். எனக்கோ கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். தரை தெரிகிறது அண்ணா! இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை வெறும் தரை. மார்வா குளிக்கப் போனபோது மல்லாந்து படுத்துக் கையையும் காலையும் விரித்துப் பார்த்தேன். எதுவும் இடிக்கவில்லை. பதினெட்டு வயதில் இதற்கெல்லாம் ஒருத்தி அழுவாளா என்று சிரிக்காதே. நீயும் அதே வீட்டில்தானே வளர்ந்தாய்.

கட்டில் கால்களுக்குச் செங்கல் கொடுத்து உயர்த்திவிட்டோம். அடியில் ஆளுக்கு இரண்டு பெட்டி வைக்கலாம். பால்கடையின் பழைய பிளாஸ்டிக் கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் புத்தக அடுக்கு செய்தாயிற்று. கதவுக்குப் பின்னால் பைகள் தைத்த துணி தொங்குகிறது. செருப்பு, சீப்பு, கத்தரிக்கோல் எல்லாம் அதில். ஒரு பொருள் உள்ளே வந்தால் ஒரு பொருள் வெளியே போகவேண்டும் என்று சட்டமும் போட்டிருக்கிறோம்.

ஒன்று கேட்கவேண்டும். நான் கிளம்புவதற்கு முந்தின வாரம், நோட்டுப் புத்தகத்தோடு நம் முற்றத்தில் நின்று வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாரே ஒருவர், அவர் மறுபடி வந்தாரா? மரம் வெட்டுகிற விஷயம் என்றாய். நம் முற்றத்தில் மரமே இல்லையே.

இங்கே கூடத்தில் ஒரு போன் உண்டு. ஆனால் நீ பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்பாள். அதனால் உனக்கு எழுதுவதையெல்லாம் நீ வேலை பார்க்கும் சாலைக் கிடங்கு முகவரிக்கே அனுப்புகிறேன்.

அம்மாவைக் கட்டிக்கொண்டதாகச் சொல்.

உன் தங்கை
இர்யா


நார்த் ஷாஃப்ட்,
செப்டம்பர் 20

அன்புள்ள இர்யாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நானும் அம்மாவும் சுகம். முதுகு அப்படியேதான் இருக்கிறது. சவுக்காரம் போட்டுத் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே, அங்கேயும் குளிர் வந்துவிடும்.

இங்கே இரண்டு நாளாக மழை. ஏரிக்கரைச் சாலையில் பள்ளம் விழுந்து அதை அடைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த வருஷம் பனி சீக்கிரம் வரும் என்கிறார்கள்.

அம்மா உனக்குச் சின்னதாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறாள். வந்தால் வாங்கிக்கொள். வாங்கிக்கொண்டதாக அம்மாவுக்கு ஒரு வரி எழுது. மறந்துவிடாதே.

அண்ணன்
ரெய்னோ


கலமசூ,
அக்டோபர் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன், லேசாக ஜலதோஷம். நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? நோட்டுப் புத்தகக்காரரைப் பற்றிக் கேட்டேனே, நீ மழையைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

சின்னதாக ஒரு பார்சல் என்றாய். பதினைந்து நாளில் ஏழு வந்துவிட்டன. முதல் பார்சலில் ஏலக்காய் ரொட்டி இருந்தது. மார்வாவும் நானும் அடித்துப்பிடித்துத் தின்றோம். அதோடு சரி. அடுத்தவற்றில் வந்தவை: கழுவித் துடைத்த ஜாம் பாட்டில் முப்பத்தாறு. இஸ்திரி போட்டு அடுக்கிய ரொட்டிப் பைகள். என் மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டு. எந்த ஜன்னலுக்கும் பொருந்தாத திரைச்சீலை. முள் இல்லாத கடிகாரம். அம்மாவின் பச்சைக் கம்பளிக் கோட்டு, ஒரு பொத்தான் இல்லாமல். ஒவ்வொன்றுக்கும் மேலே சீட்டு ஒட்டியிருக்கிறாள்: 'இர்யாவுக்கு உதவும்.'

நேற்று கீழே தபால் மேஜையிலிருந்து இரண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மார்வா கட்டிலில் உட்கார்ந்தபடியே, "ஏண்டி, உங்கம்மா வீட்டையே பிரிச்சு பார்சல்ல அனுப்புறாங்களா? அடுத்த வாரம் கூரை வந்துரும் போல!" என்றாள். நானும் சிரித்தேன். 

கட்டிலுக்கடியில் இனி இடமில்லை. ஜாம் பாட்டில்களில் பேனா, ஊசி, பட்டாணி என்று என்னென்னவோ போட்டு வைத்தேன். ஐந்து பாட்டிலுக்கு மேல் போடுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. போதும் என்று அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லேன். நான் சொன்னால் மனசு நோகும்.

பதிலுக்குக் காத்திருக்கும்
இர்யா


நார்த் ஷாஃப்ட்,
அக்டோபர் 12

அன்புள்ள இர்யாவுக்கு,

ஜலதோஷம் விட்டதா? வெந்நீரில் தேன் விட்டுக் குடி. இங்கே இருவரும் நலம்.

போதும் என்று நான் சொல்லமாட்டேன். நீயும் சொல்லாதே. வருகிறதை வாங்கி எங்கேயாவது வை. உனக்குத்தான் அடுக்கத் தெரியுமே. கொஞ்ச நாளைக்குத்தான். ஏன் என்று இப்போது கேட்காதே, இர்யா. ஒவ்வொரு பார்சலுக்கும் அம்மாவுக்கு மறக்காமல் எழுது. உன் கடிதம் வந்தால் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறாள்.

இன்று காலையில் சமையலறை மேஜையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காப்பி குடித்தேன். அம்மா எதிரே உட்கார்ந்தாள். காப்பி நன்றாக இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரெய்னோ


கலமசூ,
அக்டோபர் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம் என்று எழுத ஆசைதான். சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் இருவருக்கும் ஒன்றுமில்லையே?

சமையலறையில் நாற்காலி போட்டாய் என்பதை நான்கு தடவை படித்தேன். அங்கே நாற்காலி போட எங்கே இடம் இருந்தது? அந்த நாற்காலியின்மேல் இருந்தவை எங்கே போயின? கேட்காதே என்றாய், கேட்கவில்லை. ஆனால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

பார்சல் பத்தொன்பது ஆகிவிட்டது. என் அலமாரி நிறைந்து, மேஜைக்கடி நிறைந்து, இப்போது சுவரோரமாக மார்பு உயரத்துக்கு நிற்கிறது. மார்வா தன் அலமாரிக் கதவை முழுதாகத் திறக்க முடியாமல் பக்கவாட்டில் கையை விட்டுத் துணி எடுக்கிறாள். அவள் இப்போது கேலி பேசுவதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

திங்கள்கிழமை விடுதிப் பொறுப்பாளர் திருமதி ஓக்லி சோதனைக்கு வந்தார். அறைக் கதவு பாதிதான் திறந்தது. பெட்டி தடுத்தது. அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த அட்டையில் குறித்துக்கொண்டே, "தீப்பிடிச்சா நீங்க ரெண்டு பேரும் எப்படிம்மா வெளிய வருவீங்க?" என்று கேட்டார். நவம்பர் மூன்றாம் தேதி மறு சோதனை. அதற்குள் கதவு முழுக்கத் திறக்கவேண்டும், ஜன்னல்வரை மூன்றடிப் பாதை வேண்டும், அறையைச் சூடாக்கும் கருவிக்குப் பக்கத்தில் எதுவும் இருக்கக்கூடாது. இல்லையென்றால் அறை போய்விடும். என் உதவித்தொகையில் அறையும் சேர்ந்தது. அறை போனால் படிப்பும் போனமாதிரிதான். இத்தனையும் கேட்டுவிட்டு மார்வா நூலகத்துக்குப் போய்விட்டாள்.

அண்ணா, இதை உன்னிடம்தான் சொல்லமுடியும். நேற்று ஒரு பார்சலைப் பிரித்தேன். பிரித்த கயிற்றை என் கை தானாகச் சுருட்டி மேஜை இழுப்பறையில் வைத்தது. உள்ளே பார்த்தால் ஏற்கெனவே பதினெட்டுச் சுருள்கள். நான் எப்போது வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அறையைப் பார்த்தேன். சுவரோரம் ஒரு மலை, நடுவில் ஓர் ஆள் போகப் பாதை. நம் வீட்டுக் கூடம் மாதிரியே இருந்தது. அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியதா? அப்பா நம்மை விட்டுப் போன அந்த வருஷம், முதலில் ஒரு மூலையில்தானே இருந்தது?

மூன்றாம் தேதிக்குள் பதில் எழுது. நான் என்ன செய்ய?

இர்யா


நார்த் ஷாஃப்ட்,
அக்டோபர் 28

அன்புள்ள இர்யாவுக்கு,

சாப்பிடாமல் இருக்காதே. மற்றதெல்லாம் அப்புறம்.

இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. அந்த நோட்டுப் புத்தகக்காரர் பட்டண அலுவலகத்து ஆள். ஆகஸ்டிலேயே எச்சரிக்கைத் தாள் கொடுத்துவிட்டார். நவம்பர் பதினைந்துக்குள் வீட்டுக்குள் எல்லா அறைக்கும் பாதை வேண்டும், மாடிப்படி காலியாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் மனிதர் வசிக்கத் தகாத வீடு என்று பூட்டிவிடுவார்கள். உன்னிடம் சொன்னால் நீ படிப்பை விட்டுவிட்டு இங்கேயே உட்கார்ந்துவிடுவாய் என்று சொல்லவில்லை.

முதலில் நான் இரண்டு மூட்டையை வண்டியில் ஏற்றினேன். அம்மா பின்னாலேயே ஓடிவந்து டயருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். என்ன சொன்னாலும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "அம்மா, இதெல்லாம் இர்யாவுக்கு. அங்க புதுசா குடித்தனம் வைக்கிறா, ஒண்ணுமே இல்லாம கெடக்கா." உடனே எழுந்துவிட்டாள். "அதை மொதல்லயே சொல்றதுக்கு என்னடா?" என்று கேட்டுவிட்டு அவளே கயிறு எடுத்துக் கட்டத் தொடங்கினாள்.

அன்றிலிருந்து அதுதான் வழி. கீழ்த்தளம் பாதி காலியாகிவிட்டது. பாதியை உனக்கு அனுப்புகிறேன். மீதியை உனக்கு அனுப்புவதாகச் சொல்லி ஊருக்கு வெளியே குப்பை மேட்டில் கொட்டுகிறேன். நான் பெரிய யோக்கியன் ஒன்றுமில்லை. பதினோரு வருஷமாக யாராலும் ஒரு காகிதத்தைக்கூட அவளிடமிருந்து வாங்க முடியவில்லை. உன் பெயரைச் சொன்னால் தருகிறாள்.

உன் அறை உனக்கு முக்கியம். அவற்றை நீ தூக்கி எறிந்தாலும் எனக்குச் சம்மதம், ஒன்றுவிடாமல் எறி. அம்மாவுக்கு மட்டும் தெரியவேண்டாம். தெரிந்தால் அதோடு முடிந்தது. இன்னும் மாடிப்படியும் மாடியும் பாக்கி.

ரெய்னோ


கலமசூ,
நவம்பர் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம்! மிகவும் நலம். நீங்களும் நலம் என்று நம்பத்தான் வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உன் பதில் இதுவரை வரவில்லை. தினமும் தபால் மேஜையைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமையோடு நம்பிக்கை விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் மார்வாவிடம் போய், "நீ வேற ரூம் கேட்டு எழுதிக் குடுத்துட்டியா?" என்று கேட்டுவிட்டேன். "எழுதிட்டேன், குடுக்கல," என்றாள். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "வா. மூணு குவியல். வேணும், வேண்டாம், தெரியல. தெரியலங்கற குவியல் இந்தத் தலகாணியவிடப் பெருசாச்சுன்னா நான் போயிடுவேன்," என்றாள். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். முதல் ஒரு மணி நேரம் கொடுத்ததையெல்லாம் திரும்பத் திரும்ப எடுத்தேன். பச்சைக் கோட்டை எடுத்தபோது மார்வா முதுகைத் திருப்பிக்கொண்டாள். அதன் பிறகு எதையும் திரும்ப எடுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் தேவாலயத்தின் பழைய பொருள் விற்பனைக்கு எல்லாம் போய்விட்டது. ரொட்டி சுற்றி வந்த துணி ஒன்றும் இரண்டு பாட்டிலும் மட்டும் வைத்துக்கொண்டேன்.

இன்று திருமதி ஓக்லி கதவைத் திறந்தார். அது சுவரில் போய் முட்டியது. அந்தச் சத்தம் எவ்வளவு இனிமை தெரியுமா!

நீ பக்குவமாகச் சொல்லமாட்டாய் என்று தெரிந்துவிட்டதால் நானே அம்மாவுக்கு எழுதிவிட்டேன். அன்பாகத்தான் எழுதினேன். எல்லாவற்றையும் இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டேன், இனிமேல் ஒன்றும் அனுப்பவேண்டாம், ரொட்டி மட்டும் போதும் என்று. நேற்று பெட்டியில் போட்டேன். அவளும் மகிழ்வாள் என்று நினைக்கிறேன்.

இர்யா


கலமசூ,
நவம்பர் 5

அண்ணா,

உன் கடிதம் இன்று காலையில் வந்தது. அக்டோபர் 28 என்று எழுதியிருக்கிறாய், உறையில் நவம்பர் 1 முத்திரை. நான்கு நாள் அது எங்கே இருந்தது?

வீட்டுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாற்பது வரை எண்ணினேன். சாலைக் கிடங்குக்குச் செய்தேன். நீ ஏரிக்கரையில் இருப்பதாக உங்கள் மேஸ்திரி சொன்னார். "அம்மாவுக்கு ஒரு லெட்டர் வருது, அதை ரெய்னோவை வாங்கிக்கச் சொல்லுங்க, கண்டிப்பா சொல்லுங்க," என்றேன். "சரிம்மா, சரிம்மா," என்றார். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. போனை வைத்தபிறகுதான், அம்மாவிடம் கொடுக்கவேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை என்பது உறைத்தது. மறுபடி செய்தேன். யாரும் எடுக்கவில்லை.

இன்னொன்று. உனக்கும் பொய்தான் எழுதினேன். தேவாலயத்துக்கு ஒன்றும் போகவில்லை. விற்பனைக்கு வாங்குகிற இடம் மதியத்தோடு மூடிவிட்டது. திங்கள்வரை வைத்திருக்க முடியாது. விடுதிக்குப் பின்னால் இரும்புக் குப்பைத்தொட்டி இருக்கிறது. பதினாறு நடை நடந்து அதில் போட்டோம். பாட்டில்கள் உள்ளே உடைகிற சத்தம் கேட்டது. கோட்டும் அதில்தான். திங்கள்கிழமை லாரி வந்து எடுத்துப் போய்விட்டது.

கடிதத்தை எடுத்துவிட்டாய் என்று ஒரே ஒரு வரி எழுது. வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன், ஒன்றும் காதில் விழவில்லை.

இர்யா


ஆஸ்பத்திரியிலிருந்து,
நவம்பர் 16

அன்புள்ள இர்யாவுக்கு,

அம்மா இன்று கஞ்சி குடித்தாள். காய்ச்சல் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்று உன் விடுதிக்குப் போன் செய்தபோது என்னால் சரியாகப் பேச முடியவில்லை; இங்கே ஆஸ்பத்திரிப் போனில் எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். விழுந்துவிட்டாள், இடுப்பெலும்பு, நீ பரீட்சையை விட்டு வராதே என்று மட்டும் சொன்னேன். நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

உன் கேள்விக்குப் பதில்: நான்கு நாளும் அது என் ஜாக்கெட் பையில் இருந்தது. எழுதிவிட்டேன், போட மனசு வரவில்லை.

மேஸ்திரி என்னிடம் சொன்னது இதுதான்: "ஒன் தங்கச்சி போன் பண்ணா. அம்மாவுக்கு லெட்டர் வருதாம். மறக்காம வாங்கிக் குடுக்கணுமாம்." நீ வழக்கம்போல நன்றி எழுதியிருக்கிறாய் என்று நினைத்தேன். வியாழக்கிழமை தபால் நிலையத்துக்கே போய் வாங்கி, நானே கொண்டுபோய் அம்மா கையில் கொடுத்தேன். அவள் ஆசையாகத்தான் பிரித்தாள்.

படித்துவிட்டு மடித்து வைத்தாள். எனக்குக் காப்பி ஊற்றினாள். "கோட்டையுமா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. கடிதத்தை வாங்கிப் படித்த பிறகுதான் விளங்கியது.

மறுநாள் நான் வேலைக்குப் போனதும், விறகுக் கொட்டகையில் உனக்கு அனுப்பக் கட்டி வைத்திருந்த இருபத்திரண்டு பெட்டியையும் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் கொண்டுபோயிருக்கிறாள். எல்லாம் மாடிப்படியில். அறுபத்தோரு வயதில், தனியாக. மூன்று நாள் என்னிடம் பேசவில்லை, அந்தப் பெட்டிகளைத் தொடவும் விடவில்லை. திங்கள்கிழமை நான்கு மணிக்கு நான் வீடு திரும்பியபோது படிக்கடியில் கிடந்தாள், பெட்டிகள் மேலே. காலையிலிருந்து கிடந்திருக்கிறாள். சத்தம் போட்டாயா அம்மா என்று கேட்டேன். "யாருக்குக் கேக்கும்?" என்றாள்.

தீயணைப்புக்காரர்கள் தூக்குப்படுக்கையோடு வந்தார்கள். வாசல் வழியாகத் திருப்ப முடியவில்லை. கூடத்து ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து, அந்த வழியாக இறக்கினார்கள். முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. தெருவே நின்று பார்த்தது. அம்மா முகத்தைக் கம்பளியால் மூடிக்கொண்டாள்.

வீட்டைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். நான் என்னோடு வேலை பார்க்கும் ஆர்வோ வீட்டில் தங்கியிருக்கிறேன். மாதக் கடைசியில் நன்றி விழா விடுமுறைக்கு நீ வந்தால் போதும்.

ரெய்னோ


கலமசூ,
நவம்பர் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவுக்கு வலி எப்படி இருக்கிறது? உனக்குத் தூங்க இடம் சரியாக இருக்கிறதா? என்னைப் பற்றி விசாரிக்காதே.

உன் கடிதத்தை இத்தனை தடவை படித்ததில் மடிப்பு கிழிந்துவிட்டது. நான் தேடிய ஒரு வரி அதில் இல்லை. 'உன்மேல் தப்பில்லை' என்று நீ எழுதவில்லை. யாராக இருந்தாலும் எழுதியிருப்பார்கள். பொய்யாகவாவது எழுதியிருப்பார்கள்.

புதன்கிழமை பேருந்தில் கிளம்புகிறேன்.

இர்யா


நார்த் ஷாஃப்ட்,
நவம்பர் 23

அன்புள்ள இர்யாவுக்கு,

அம்மா நலம். நான் நலம்.

அந்த வரியை எழுதினேன். எழுதிவிட்டு, கடிதத்தை எழுதி நான்கு நாள் பையில் வைத்திருந்தவன் நான், உன் கடிதத்தைக் கையில் கொடுத்தவன் நான், உனக்கு மன்னிப்பு வழங்க நான் யார் என்று தோன்றியது. கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதினேன். கோபத்தில் விட்டுவிட்டேன் என்று நினைக்காதே.

பேருந்து நிலையத்துக்கு வந்து நிற்கிறேன். காலுக்குக் கனமான பூட்ஸ் போட்டு வா.

ரெய்னோ


கலமசூ,
டிசம்பர் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உனக்கு இப்போது உட்கார முடிகிறதா? ஆஸ்பத்திரியிலிருந்து முதியோர் இல்லத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று அண்ணா போனில் சொன்னான். சாப்பாடு உப்பு உறைப்பாக இருக்கிறதா?

நன்றி விழா அன்று உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். நீ என்னைத் திட்டுவாய் என்று பயந்துகொண்டே வந்தேன். நீ திட்டவில்லை. "அந்தப் பச்சைக் கோட்டை யாரு வாங்கிக்கிட்டா?" என்று கேட்டாய். நான், "மார்வாவோட படிக்கிற ஒரு பொண்ணு, அம்மா. ஒசரமா இருப்பா. அவளுக்கு அளவெடுத்த மாதிரி இருந்துச்சு," என்றேன். உன் முகம் தெளிந்தது. "பாட்டிலெல்லாம்?" என்றாய். ஊறுகாய் போடுகிற ஒரு பாட்டி என்றேன். திரைச்சீலைக்கு ஒரு கல்யாணமான ஜோடி. கடிகாரத்துக்குப் பழுது பார்க்கிற ஒரு மனிதர். நீ கேட்கக் கேட்க நான் ஆட்களை உண்டாக்கிக்கொண்டே போனேன். பதினோரு பேர். அண்ணா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அம்மா, அப்படி யாரும் இல்லை. எல்லாவற்றையும் விடுதிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். கோட்டையும்தான். நேரமில்லை என்பது பாதி உண்மை. ஒவ்வொன்றையும் யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்கத் தொடங்கினால் எதையும் விடமுடியாது என்று பயந்தேன். அது மீதி உண்மை. சொல்லவேண்டாம், அவள் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் அண்ணா சொன்னான். எனக்குத்தான் முடியவில்லை. உன் முகம் தெளிந்தது கண்ணிலேயே நிற்கிறது.

நீ எனக்கு எழுதாமல் இருந்தாலும் நான் எழுதிக்கொண்டே இருப்பேன்.

உன் மகள்
இர்யா


முதியோர் இல்லம்,
டிசம்பர் 14

அன்புள்ள இர்யாவுக்கு,

அம்மா எழுதுவது. பிடித்துக்கொண்டு ஆறடி நடந்தேன். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. கோபம்தான். இல்லை என்று எழுதமாட்டேன். அந்தக் கோட்டு உன் அப்பா வாங்கிக் கொடுத்தது. உனக்கு அது தெரியாது, நான் சொன்னதில்லை. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பக்கத்துக் கட்டில் ஹில்மா, "என்னம்மா, நாக்கைத் தொலைச்சுட்டியா?" என்று கேட்டுவிட்டாள்.

ஆனால் ஒன்று நடந்தது. நீ சொன்ன அந்த உயரமான பெண்ணை நினைத்து நான் தினமும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். கோட்டில் மேல் பொத்தான் இல்லையே, அவள் தைத்துக்கொண்டாளா, கழுத்தில் குளிர் படுமே என்று. பாட்டிலில் ஒன்று விளிம்பு உடைந்தது, பாட்டிக்குக் கையைக் கிழித்திருக்குமோ என்று. பதினோரு பேரையும் நினைத்து நினைத்துத் தூக்கம் போயிற்று. அவர்கள் யாருமே இல்லை என்று நீ எழுதியதும் அழுதேன். அழுது முடித்தபோது கவலைப்பட யாரும் மிச்சமில்லை. அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன். இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பொருளை வைத்திருந்தாலும் கவலை, கொடுத்தாலும் கவலை. பொருளே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நான் பார்த்ததே இல்லை.

பட்டண அலுவலகத்து ஆள் தாள் கொண்டுவந்தார். வீட்டில் உள்ளதை ரெய்னோவே ஒழிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டேன். எங்கே கொண்டுபோகிறாய் என்று என்னிடம் சொல்லாதே என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

இங்கே எனக்குப் பாதி அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, மூன்று தட்டு வைத்த அலமாரி ஒன்று. முதல் தட்டை வந்த அன்றே நிரப்பிவிட்டேன். காகித டம்ளர்கள், நல்ல டம்ளர்கள், ஒருதரம் குடித்துவிட்டு எறிகிறார்கள். நேற்று அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மற்ற இரண்டும் இன்னும் காலி. எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, இர்யா.

கிறிஸ்துமஸுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார். எதுவும் வாங்கி வராதே. கையை வீசிக்கொண்டு வா.

உன் அம்மா
லெம்பி